படித்துவிட்டுத் திட்டுங்கள், சேர்

ஞாயிற்றுக்கிழமை அட்டன் கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்று வந்தவர்களுக்குத் தெரியும். காணொளியும் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. வாசிப்பைப் பற்றி மேடையில் பேசிய நீங்கள் சொன்னது இது, சேர்: துப்பறியும் கதை, மந்திரக் கதை, பாகம் பாகமாக வருவதெல்லாம் வாசிப்பே இல்லையாம். இவற்றில் திட்டுவதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

துப்பறியும் நாவலில் கொலையாளி முற்பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது. ஆவி வந்து முடிச்சை அவிழ்க்கக் கூடாது. துப்பறியும் கதை எழுதிய ஆங்கிலேயர் ரொனால்ட் நொக்ஸ் 1929இலேயே இவற்றை விதிகளாக எழுதிவைத்தார். கடைசி அத்தியாயத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு மாமா இறங்கி, அவர்தான் கொன்றார் என்றால் அது மோசடி. சோதிப்பது சுலபம்: முடிவு தெரிந்தபின் முதல் ஐம்பது பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். அங்கே தடயம் இல்லையென்றால் தாராளமாகத் திட்டலாம். தொடர் நீள நீள வரும் பழுது வேறு. துப்பறிபவரின் குடும்பச் சண்டை பக்கங்களைத் தின்னும், கொலை ஓரத்துக்குப் போய்விடும்.

மந்திர உலகத்துக்கு அளவுகோலே வேறு. மந்திரத்தால் எது முடியாது என்பதை ஆபத்து வருமுன் சொல்லிவிட வேண்டும். ஹரி பொட்டர் மூன்றாம் பாகத்தில் காலத்தைத் திருப்பும் கருவி வருகிறது. அப்படியானால் பிறகு செத்தவர்களை ஏன் காப்பாற்றவில்லை? ஐந்தாம் பாகத்துச் சண்டையில் மந்திர அமைச்சில் இருந்த அந்தக் கருவிகள் உடைகின்றன. ஓட்டையை அடைத்த இடம் பளிச்சென்று தெரிகிறது. ரொபர்ட் ஜோர்டன் எழுதிய மந்திர உலகத் தொடர் 'வீல் ஒஃப் டைம்' 14 பாகம். பத்தாம் பாகத்தில் பெரும்பகுதி, ஒன்பதாம் பாகத்தின் முடிவில் நடந்ததைத் தூரத்திலிருந்து உணர்கிற ஆட்களோடே கழிகிறது. ஜோர்டன் 2007இல், தொடர் முடியுமுன்னே இறந்தார். கடைசி மூன்று பாகத்தையும் எழுதி, 2013இல் தொடரை முடித்துவைத்தவர் பிராண்டன் சான்டர்சன் என்ற இன்னொரு எழுத்தாளர். 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான ஜோர்ஜ் மார்ட்டினின் நாவல் தொடரில் ஐந்தாம் பாகம் வந்தது 2011இல், ஆறாவது இன்னும் வரவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் முடிந்த தொடராகப் பார்த்து எடுங்கள். இத்தனையிலும் எனக்குக் கோபம் உண்டு, படித்ததால் வந்த கோபம்.

"நல்ல இலக்கியம் படிக்கலாமே" என்பீர்கள். அதே மேடையில் பொன்னியின் செல்வனை வாயாரப் புகழ்ந்தீர்கள். அது 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் வாரவாரம் வந்த தொடர்தானே? ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை யாருடையது என்று ஐந்து பாகமும் முடித்தவர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்களே, அது மர்மம் இல்லையா? நேரம் வீண் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

என்னைச் சுட்டது உங்கள் பேச்சின் அந்தக் கடைசி வசனம்தான். "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு, சோதனைக்குப் படிக்கட்டும்." எண்ணூறு பக்கத்தில் எழுபது பேரின் பெயரையும் உறவையும் பகையையும் மனதில் வைத்துப் படிக்கிற பிள்ளையைப் பார்த்து இதைச் சொல்ல எப்படி மனம் வந்தது, சேர்? 2022இல் இலங்கை ரூபாய் விழுந்த பிறகு இந்தியாவிலிருந்து வருகிற புத்தகத்தின் விலை தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு எட்டுகிற விலையா? நூலக அலுமாரியில் ஒன்று, இரண்டு, நான்கு இருக்கும். மூன்றாம் பாகம் இருக்காது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பாகங்களைக் கொண்டுவாருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கடைசி அத்தியாயம் முழுதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொண்டுவாருங்கள்.