அட்டை எண்ணில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுத்து

மியான்மர் (பர்மா) அரசு தரும் மப்பொந்தின் என்ற உங்கள் தேசிய அடையாள அட்டையை எடுத்து எண்ணைப் பாருங்கள். முதல் எண் மாநிலத்தை அல்லது பிராந்தியத்தைக் குறிக்கும்: 12 என்று தொடங்கினால் யாங்கோன், 10 மோன், 7 பகோ. அடுத்து டவுன்ஷிப் (வட்டம்) பெயரின் சுருக்கம். அதையடுத்து அடைப்புக்குறிக்குள் ‘நைங்’ என்றிருந்தால் முழுக் குடிமகன், அட்டை இளஞ்சிவப்பு. ‘எ’ என்றால் இணைக் குடிமகன், நீலம். ‘ப்யு’ என்றால் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர், பச்சை. 1982 குடியுரிமைச் சட்டம் மொத்தமும் அந்த ஓரெழுத்துக்குள் இருக்கிறது.

இந்தியர்களிடம் தங்கள் நாட்டை இழந்துவிடுவோம் என்ற பர்மியர்களின் பயம் வெறும் கற்பனை என்று இங்குள்ள தமிழர்களான நம்மவர்கள் பேசுவதை நான் ஏற்கவில்லை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன்வாசிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தன் தலைநகரிலேயே பர்மியன் சிறுபான்மை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். நெல் விலை சரிந்து அடகு மூழ்கியதில் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 சதவீதம் ஆனது. நிலம் வாங்கவா வந்தோம், வட்டிக்கு விடத்தானே வந்தோம் என்று செட்டியார் சொல்லலாம். வயலை இழந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே ஆபீசில் பர்மிய மொழி, நாள்காட்டியில் பௌத்தப் பண்டிகை என்றால் எனக்கு மறுப்பில்லை. 2008 அரசியலமைப்பின் 361ஆம் பிரிவு பௌத்தத்துக்குத் தனியிடம் தருகிறது. அடுத்த பிரிவே இந்து மதத்தையும் பெயர் சொல்லி ஏற்கிறது. இதோடு நின்றிருந்தால் நல்லது.

1982 சட்டம் காப்பது பண்பாட்டை அல்ல, ஒரு தேதியை. 1823க்கு முன்பே இங்கே குடியிருந்த இனங்கள்தான் மண்ணின் மக்கள். ஆங்கிலேயர் படையெடுத்தது 1824இல். வேடிக்கை என்னவென்றால், நாட்டு மொழி ஒன்றை நன்றாகப் பேச வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்பது பச்சை அட்டைக்கு விண்ணப்பிப்பவரிடம்தான் (44ஆம் பிரிவு). தமிழை மறந்து பர்மியத்திலேயே கனவு காணும் பேரனுக்கு அதற்காக ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

மூன்றாம் தலைமுறையில் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். 1982 சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி பேரப்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு அட்டை கிடைக்கும், உண்மைதான். ஆனால் நாடாளுமன்றத்துக்கு நிற்க, தாய் தந்தை இருவருமே முழுக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 120ஆம் பிரிவு. கையில் இளஞ்சிவப்பு, அப்பாவின் பச்சை கூடவே வருகிறது.

1982இல் ஏற்கெனவே குடிமகனாக இருந்தவர் குடிமகனே என்று குடியுரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. சிக்கல் அதை நிரூபிப்பதில். 1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சிலும் இந்தியாவுக்குத் தப்பிய நடைப்பயணத்திலும் போன காகிதங்கள் திரும்பவில்லை. இருப்பதிலும் எழுத்துப் பிழை. பர்மிய எழுத்தில் உள்ள ‘ர’வைப் பேச்சில் ‘ய’ என்றே உச்சரிப்பார்கள். ரங்கூன் யாங்கோன் ஆனது அப்படித்தான். ராமசாமி ஒரு காகிதத்தில் ‘யா’, இன்னொன்றில் ‘லா’. எழுத்தர் கண்ணுக்கு இரண்டு ஆள்.

பிள்ளைக்குப் பத்து வயதாகி அட்டை எடுக்கப் போகுமுன் வீட்டுப் பட்டியல் (வீட்டில் வசிப்பவர்களின் அரசுப் பதிவு), பெற்றோர் இருவரின் அட்டை, தாத்தா பாட்டி காகிதங்கள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபட்டால் முதலில் வீட்டுப் பட்டியலைத் திருத்துங்கள், அட்டை பிறகு.