பயிற்சிக் கப்பல் என்றால் சொகுசுப் பயணமா?

"அமெரிக்கக் கடல்சார் கல்லூரிகளின் பயிற்சிக் கப்பல் என்பது கோடை விடுமுறைச் சுற்றுலாதான், வேலையெல்லாம் மாலுமிகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல.

நியூயார்க் கடல்சார் கல்லூரிக்கு 2023-ல் கிடைத்த 'எம்பயர் ஸ்டேட் 7' கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 600 கேடட்கள் (கப்பல் அதிகாரியாகப் பயிலும் மாணவர்கள்) வரை தங்கலாம். தொழில்முறை ஊழியர்களும் அதிகாரிகளும் உண்டு, பொறுப்பும் அவர்களுடையதுதான். ஆனால் அவர்களுடைய மேற்பார்வையில் அன்றாட வேலையில் பெரும்பகுதியைச் செய்வது கேடட்கள். வாட்ச், அதாவது முறைவைத்துப் பார்க்கும் பணி, பொதுவாக நாலு மணி நேரம். நள்ளிரவு 12 முதல் 4 வரை என்று முறை வந்தால், அந்த நேரத்தில் எழுந்து போய் நின்றே ஆக வேண்டும். பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் மேல்தள அறையில், ஒருவர் இருட்டில் கண்ணையும் காதையும் தீட்டிக் கடலைக் கவனிப்பார், இன்னொருவர் சுக்கான் பிடிப்பார். இன்ஜின் மாணவர்கள் கீழே, அந்தச் சூட்டிலும் இரைச்சலிலும் வெப்பநிலை, அழுத்தம் எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டே சுற்றுவார்கள். வாட்ச் இல்லாத நாளில் வகுப்பு, இல்லாவிட்டால் துருவைத் தட்டிப் பெயின்ட் அடிப்பது. அப்புறம் தீயணைப்பு ஒத்திகை, உயிர்காப்புப் படகு ஒத்திகை.

துறைமுகத்தில் ஊர் சுற்றக் கிடைப்பது உண்மைதான். அங்கேயும் ஒரு பகுதியினர் கப்பலிலேயே காவலுக்கு நிற்பார்கள்.

இந்த நாள்கள் கப்பல் அதிகாரி உரிமத்துக்கான கணக்கிலும் சேர்கின்றன. கப்பல் பணியாளர்களின் பயிற்சி, சான்றிதழ், வாட்ச் பற்றிய சர்வதேச எஸ்டிசிடபிள்யூ விதிப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி வழியாக வரும் டெக் கேடட்டுக்கு (கப்பலைச் செலுத்தும் பிரிவு மாணவருக்கு) குறைந்தது 12 மாதக் கடல் சேவை வேண்டும். அதில் 6 மாதமாவது மேற்பார்வையில் பிரிட்ஜ் வாட்ச் நின்றிருக்க வேண்டும்.