நேரலையில் தலையாட்டும் மனிதர்

ஸ்டுடியோவிலிருந்து கேள்வி கேட்டு முடித்த பிறகும் களத்தில் நிற்கும் செய்தியாளர் பொம்மை மாதிரி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்பார், பார்த்திருக்கிறீர்களா? அதை வைத்து எத்தனை மீம்! நானும் சிரித்தவன்தான், ஒரு செய்திச் சேனலின் கட்டுப்பாட்டு அறையில் வேலைக்குச் சேரும்வரை.

கேள்வி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிக்னல் மேலே ஏறிக் கீழே இறங்கவே கால் விநாடி. படத்தைச் சுருக்கி அனுப்பி, இந்தப் பக்கம் விரிக்கும் நேரமும் சேர்ந்தால் இடைவெளி இன்னும் நீளும். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. செய்தியாளரின் காதுக்கு அனுப்பும் ஒலியில் அவருடைய குரலை மட்டும் கழித்துவிட்டு அனுப்ப வேண்டும். அதை மறந்தால், தான் பேசியதே சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்து காதில் விழும். அப்படி விழும்போது பேசிப் பாருங்கள், எப்பேர்ப்பட்டவருக்கும் நாக்கு குழறும். எங்கள் ஆடியோ மேசையில் ஒருநாள் அப்படி மறந்தார்கள். ‘உளறல் நிருபர்’ என்று பெயர் வாங்கியது என்னவோ களத்தில் நின்றவர்.

எல்லாச் சொதப்பலுக்கும் பரிதாபப்படச் சொல்லவில்லை. 2005இல் நியூ ஜெர்சி வெள்ளத்தைக் காட்ட, அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசியின் செய்தியாளர் ஒரு படகில் அமர்ந்து துடுப்புப் போட்டார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் சாவகாசமாக நடந்து போனார்கள். தண்ணீர் கணுக்கால் அளவுதான்! இதற்கு வயிறு வலிக்கச் சிரிக்கலாம், தப்பே இல்லை. நாடகம் போட்டால் திரை கிழியத்தான் செய்யும்.

2017 நவம்பரில் அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம் அரங்கத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது ‘வெதர் சேனல்’ என்ற வானிலைத் தொலைக்காட்சியின் கேமரா சுமார் நாற்பது நிமிடம் காத்திருந்தது. சரியாக வெடிக்கும் நேரத்தில் ஒரு பேருந்து வந்து முன்னால் நின்றது. இடிந்து முடிந்த பிறகுதான் நகர்ந்தது. இதில் யாரைக் குற்றம் சொல்ல?

ஆனால் 2022 ஜனவரியில் நடந்ததைச் சிரிப்புக் காணொளித் தொகுப்புகளில் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், குடிநீர்க் குழாய் உடைந்ததைப் பற்றி இரவில் நேரலையில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் செய்தியாளரைப் பின்னாலிருந்து கார் இடித்தது. அவர் திரையைவிட்டே காணாமல் போனார். அடுத்த நொடியே ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று குரல் கொடுத்தார். எழுந்து, கேமராவை அவரே சரிசெய்து, பேச்சைத் தொடர்ந்தார். அவரே ஏன் சரிசெய்தார்? கேமராக்காரர் என்று ஒருவர் அங்கே இல்லையே! செய்தி, விளக்கு, கேமரா, மைக் எல்லாம் அவர் ஒருவர்தான். அவருடைய தைரியத்தைப் பாராட்டி எழுதியவர்களில் எத்தனை பேர், ராத்திரியில் ஓர் ஆளைத் தனியாக ரோட்டில் நிறுத்தியது யார் என்று கேட்டார்கள்?

என் வருத்தமே இதுதான். தவறு நடப்பது பெரும்பாலும் கேமராவுக்குப் பின்னால். முகம் மட்டும் முன்னால் நிற்பவருடையது. நாங்கள் ஏசி அறையில் உட்கார்ந்து ‘இன்னும் ரெண்டு நிமிஷம் இழுங்க’ என்போம். எதை இழுப்பார், பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டா? சொன்னதையே மூன்றாவது தடவை சொல்வார். அதுவும் மீம் ஆகும்.

ஒரு மழை இரவில் நேரலை முடிந்து விளம்பரத்துக்குப் போனோம். களத்தில் இருப்பவருக்கு ‘கிளியர்’, அதாவது நேரலை முடிந்தது, இனி நகரலாம் என்று சொல்வது என் வேலை. ஏதோ சலசலப்பில் மறந்துவிட்டேன். அடுத்த செய்தி ஓடி, அதற்கடுத்ததும் ஓடியது. தற்செயலாக ஓரத்து மானிட்டரைப் பார்த்தால், மனிதர் நனைந்தபடி, மைக்கை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார். பதறிப்போய் ‘கிளியர், கிளியர்’ என்றேன்.

"அப்பாடா, போகலாமாண்ணே?" என்றார்.