நான் வைத்த செட்டிங்கை மாற்ற நீ யார்?

கம்ப்யூட்டரைத் திரையோடு இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் நான்கு ஓரங்களிலும் கறுப்புப் பட்டை விட்டு, நடுவில் சுருங்கிய திரையைக் காட்ட வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் முடிவெடுத்தாரோ தெரியவில்லை. படக்குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் விளிம்பு சட்டத்துக்குப் பின்னால் மறைந்துபோகும் என்பதால், சற்றுச் சுருக்கி அனுப்பும் ஏற்பாடு ஒரு காலத்தில் தேவைப்பட்டது. ஆனால் 1920க்கு 1080 புள்ளிகளையும் அப்படியே காட்டக்கூடிய என் மானிட்டரையும் தொலைக்காட்சி என்றே நினைத்துக்கொண்டு, திரைக்குப் படம் அனுப்பும் என் பழைய கிராபிக்ஸ் கார்டின் டிரைவர், அதாவது அந்தக் கார்டை இயக்கும் மென்பொருள், படத்தைச் சுருக்கித் தள்ள, எழுத்துகள் எல்லாம் கலங்கலாகத் தெரிகின்றன. வண்ணத்திலும் இதே கூத்துதான்: கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்று எதிர்பார்க்கும் திரைக்கு, ஒளிபரப்புக்கென வகுத்த 16 முதல் 235 வரையிலான அளவுகளை அனுப்பினால் கறுப்பு சாம்பலாக வெளுக்காமல் வேறென்ன செய்யும்?

இவற்றைச் சரிசெய்ய வழி உண்டு என்பதுதான் என் ஆத்திரத்துக்கே காரணம். மெனுவுக்குள் மெனுவாக ஒளித்து வைத்திருக்கும் அந்தப் பட்டியைத் தேடிப் பிடித்து, சுருக்கத்தைப் பூஜ்யமாக்கி, வண்ண அளவை முழுமைக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால், அடுத்த பெரிய அப்டேட் வரும்போது இயங்குதளம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன்னிடமுள்ள டிரைவரை ஏற்றிவிடுகிறது. அந்த டிரைவருடன், இந்த அளவுகளை மாற்றுவதற்கான கன்ட்ரோல் பேனல் வருவதில்லை. புதிய பேனலை இறக்கினாலோ, இந்தக் கார்டுக்கு ஆதரவு இல்லை என்று கைவிரிக்கிறது. டிரைவர் தானாக இறங்குவதற்கான தேர்வை அணைத்துத்தான் வைத்திருந்தேன். அதையும் சேர்த்தே மாற்றிவிட்டார்கள். குடியிருப்பவர் வெளியே போயிருக்கும்போது வீட்டுக்காரர் உள்ளே புகுந்து கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவதைப் போன்ற அராஜகம் இது.

திரையாவது கண்ணுக்குத்தான் தொல்லை. டெல்லி ஜூன் மாதத்தில், வெளியே 45 டிகிரி கொளுத்தும்போது, மயூர் விஹாரில் மேல்மாடி அறை எப்படி இருக்கும் என்று குடியிருப்பவர்களுக்குத் தெரியும். சத்தம் வரக்கூடாது என்பதற்காகக் கார்டின் விசிறியை மெதுவாகச் சுழலவிடும் தொழிற்சாலை அளவு இந்த ஊருக்குச் செல்லாது; ஆகவே அதை வேகமாகச் சுழலும்படி அமைத்திருந்தேன். அப்டேட் முடிந்ததும் அதுவும் போய்விட்டது, வெப்பம் ஏறிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டாலும், ஆர்.கே.புரத்து மாமாவிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "புதுசா ஒண்ணு வாங்கிடேன்பா." என் கார்டு, அதைச் செருகியிருக்கும் மதர்போர்டின் ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடுகிறது, தனி மின் கேபிள் கேட்கும் புதிய கார்டைப் போட்டால் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும் என்பதை மாமா கணக்கில் எடுப்பதில்லை. மேலும், கெட்டுப்போகாத பொருளை நான் ஏன் தூக்கிப் போட வேண்டும்?

புதிய வசதி எதையும் நான் கேட்கவில்லை. டிரைவரை மாற்றும் முன் என்னைக் கேளுங்கள். நான் வைத்த அளவுகளை ஒரு கோப்பில் சேமித்து, மாற்றிய பிறகு அவற்றையே திரும்ப ஏற்றுங்கள். சில கிலோபைட் கூட ஆகாத வேலை இது.