பில்லில் அச்சடித்துவிட்டால் போதுமா?

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சடிக்கும் செருப்புக் கடைகளை, செருப்பு வாங்குவது பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று சரியாகவே கண்டித்திருக்கிறது. ஆனால், அளவு பொருந்தாமல் மாற்றக் கேட்பதையும் குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுப்பதையும் அது ஒன்றாகவே பேசுகிறது. முன்னது பெரும்பாலும் கடைக்காரரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. பின்னது நமது உரிமை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, அப்படிக் காலம் ஏதும் குறிக்கப்படவில்லையெனில் 30 நாள்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறையாகும்.

மதுரை மாசி வீதிக் கடையொன்றில் என் மகனுக்கு வாங்கிய பள்ளி ஷூவின் அடிப்பாகம் ஒன்பதாம் நாளே பசை விட்டுப் பிளந்தது. கடைக்காரர், வாங்கும்போது அண்ணாச்சி, தம்பி என்று உபசரித்தவர்தான், “மழையில் நனைத்திருப்பீர்கள்” என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார். (அந்த வாரம் மதுரையில் ஒரு துளி மழை இல்லை!) தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்யப்போவதாகப் பொறுமையாகச் சொல்லி பில்லைக் காட்டிய பிறகே வேறு ஜோடி கிடைத்தது. பில் இல்லாதிருந்தால் வாங்கியதையே மறுத்திருப்பார்.

மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்நேரத்தில் இரு கால்களிலும் போட்டு நடந்து பார்த்து வாங்கினால், அளவு மாற்றும் சச்சரவு பெரிதும் குறையும்.