எண்களுக்கு முன் எழுத வேண்டியவை

நம் புராணங்களிலும் ஊர்க்கதைகளிலும் உள்ள பேய்களையும் அரக்கர்களையும் ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகளுக்குள் கொண்டுவர விரும்பும் நண்பர்கள், பெரும்பாலும் எண்களிலிருந்தே தொடங்குகிறார்கள்: எத்தனை ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற உயிர்க்கணக்கு), எவ்வளவு கவசம், ஓர் அடிக்கு எவ்வளவு சேதம். இந்த வரிசை மாற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அந்தப் பேயோ அரக்கனோ என்ன கேட்கிறது, எதற்குக் கட்டுப்படுகிறது, எதைப் பெற்றால் விலகிப் போகும் என்பவற்றை முதலில் எழுத வேண்டும். அவற்றை எழுதி முடித்த பின், சிலவற்றுக்கு எண்களே தேவைப்படாமல் போகலாம்.

1974இல் வெளிவந்த இவ்வகை அமெரிக்க விளையாட்டான 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'க்கு 1977இல் வந்த, அரக்கர்களையும் விலங்குகளையும் தொகுத்த 'மான்ஸ்டர் மனுவல்' நூலிலேயே ராட்சதர் இருக்கிறார். புலித்தலையோடு புகைக்குழாயும் கையுமாக அமர்ந்திருக்கும் அவரை ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பால் கொல்லலாம். புலித்தலை எனக்கு உறுத்தவில்லை. உருவத்தை மாற்றும் உரிமை எல்லாக் கதைசொல்லிகளுக்கும் உண்டு. இனம் முழுவதையும் தீயது என்று எழுதிவைத்ததுதான் உறுத்துகிறது. கொழும்பை ஒட்டிய களனி விகாரையில் விபீடணனுக்குத் தேவாலயம் இருக்கிறது. சிங்கள மக்கள் அவரைக் காவல் தெய்வமாக வழிபடுகிறார்கள். அண்ணன் செய்தது தவறென்று தெரிந்து விலகியவர் அவர். தெரிந்தும் விலகாமல் நின்று மாண்டவர் கும்பகருணன். மூன்று உடன்பிறந்தாரும் ராட்சதர்களே. பல மாதம் ஆடக்கூடிய கதை அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது, அம்பு ஒன்றோடு அதை முடித்துவிடுவது பெரும் இழப்பு.

பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, வணிகனாக மறுபடி பிறந்த அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என்று வேளாளர் எழுபது பேர் கூடிய அவையில் முறையிடுகிறாள். குழந்தை அவனை அப்பா என்று அழைக்கிறது. அவனைக் காத்துவந்த வாளையும் தனக்கு அச்சமாக இருக்கிறது என்று சொல்லி வாங்கி வைத்துவிடச் செய்கிறாள். அவன் உயிருக்கு எழுபது பேரும் பிணை நிற்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடக்க, கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்குகிறார்கள். இந்தக் கதையை விளையாட்டாக்குபவர் நீலிக்கு வசிய மந்திரம் ஒன்றைக் கொடுத்து, பகடை உருட்டித் தப்பிக்கும் வாய்ப்பை ஆடுவோருக்கு அளித்தால், கதை அங்கேயே செத்துவிடும். எழுபது பேரையும் யாரும் மயக்கவில்லை. கண்ணெதிரே இருந்த சான்றுகளை நம்பி, நியாயம் என்று பட்டதைத்தான் அவர்கள் செய்தார்கள். ஆகவே ஆடுவோரை அந்த அவையில் அமர்த்த வேண்டும். சான்றுகள் அனைத்தையும் அவர்கள் முன் வைத்துவிட்டு, ஆட்டத்தை நடத்துபவர் வாய்மூடி இருக்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் வாக்கு மீற முடியாத விதியாகட்டும். இதில் நீலியின் உடல்வலிமை எங்கும் கணக்கில் வருவதில்லை.

தென்னிலங்கைச் சிங்களவரின் சன்னி யகும சடங்கும் இவ்வகையில் ஆழ்ந்து பார்க்கத்தக்கது. நோய்களோடு தொடர்புடைய 18 சன்னி யக்குகள் என்னும் பேய்கள் முகமூடி தரித்து ஒவ்வொன்றாக அரங்கில் ஏறுகின்றன. மேளக்காரர் அவற்றோடு வாதாடுகிறார், கேலி பேசுகிறார். காணிக்கை பெற்று, புத்தரின் ஆணைக்குப் பணிந்து அவை போகின்றன. ஒன்றைக்கூட யாரும் கொல்வதில்லை. பேரம், பகடி, காணிக்கை, மேலதிகாரம் ஆகிய நான்கையும் விதிகளாக்கினாலே, வாளெடுக்காமல் ஓர் இரவு முழுவதும் ஆடலாம்.

கொழும்பில் ஒரே மேசையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து ஆடும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜின் என்பது முஸ்லிம் நண்பருக்குக் கதையல்ல, நம்பிக்கை. புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்டதாகக் குர்ஆன் சொல்லும் அதை அந்த அமெரிக்க விளையாட்டு காற்றின் பூதமாக்கி வைத்திருக்கிறது. நம் முனியப்பருக்கும் வைரவருக்கும் இன்றும் மடை வைத்துப் பொங்குகிறார்கள். வழிபாட்டில் இருக்கும் ஒருவரை வெட்டி வீழ்த்தும் எதிரியாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன். கதையில் அவருக்கு இடம் வேண்டுமென்றால், அவர் எல்லைக்குள் பொய் சொன்னவருக்கு அடுத்த பகடை எதுவும் கைகொடுக்காது என்று ஒரு விதி எழுதிக்கொள்ளலாம். அவரை அடிப்பதற்கான விதியை மட்டும் எழுத வேண்டாம்.