கான்கிரீட் சாப்பிட்டவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுத் திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அக்கா மகன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கைப்பேசியில் கட்டைவிரலை ஒரே சீராக இறக்கிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் கூகுள் படிவம்: இளைஞர்களின் மன அழுத்தம் பற்றி 62 கேள்விகள். வலது ஓரத்து வட்டத்தை மட்டும் தட்டிக்கொண்டே போகிறான்.

"கேள்வியைப் படிக்கவே இல்லையே?" என்றேன்.

"சீனியர் அக்கா வகுப்புக் குழுவில் போட்டிருக்கிறார் மாமா. நிரப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும்."

காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டான். 'இரவில் எனக்குத் தூக்கம் வருவதில்லை' என்பதற்கும் 'நான் நன்றாகத் தூங்குகிறேன்' என்பதற்கும் ஒரே பதில்: 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்', அதாவது 5.

எனக்கு முழுதாகச் சிரிப்பு வரவில்லை. ஆய்வு மாணவர்களின் தரவுகளுக்குப் புள்ளியியல் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. அந்தக் கட்டைவிரல் என்றாவது ஒருநாள் என் எக்செல் தாளில் 5, 5, 5, 5 என்று வந்து நிற்கும்.

"ஆயிரம் பேர் நிரப்பியிருக்கிறார்கள் சார், நாற்பது ஐம்பது பேர் ஏனோதானோ என்று நிரப்பினால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பார்கள். கேள்வியைப் பொறுத்தது. ஊரில் பாதிப் பேர் செய்கிற காரியத்தைக் கேட்டால், எதற்கும் 'ஆம்' போடுகிற அந்த ஐம்பது பேரால் 50 சதவீதம் 52.5 ஆகும், அவ்வளவுதான். யாருமே செய்யாத காரியத்தைக் கேட்டுப் பாருங்கள். பூஜ்யம் 5 சதவீதம் ஆகிவிடும். மறுநாள் அது தலைப்புச் செய்தி.

கதை விடவில்லை. 2020 மே மாதம், கொரோனா காலத்தில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்காக 502 பேரிடம் இணையத்தில் ஒரு சர்வே எடுத்தார்கள். கிருமிநாசினியான பிளீச்சை நீரில் கலந்து குடித்ததாகவோ அதில் வாய் கொப்பளித்ததாகவோ 4 சதவீதம் பேர் சொன்னார்கள். அந்நாட்டில் வயது வந்தோர் தொகையோடு பெருக்கினால் ஏறக்குறைய ஒரு கோடி பேர்! உலகமே தலையில் கை வைத்தது. பிறகு லிட்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அதே கேள்விகளை, நடுவே சில பொறிகளை வைத்து, மறுபடி கேட்டார்கள். 'இரும்புச் சத்துக்காகக் கான்கிரீட் சாப்பிட்டதுண்டா?' உண்டு என்றார்கள். 'அண்மையில் உயிரைப் பறிக்கும் மாரடைப்பு வந்ததா?' வந்ததாம்! செத்தவர் எப்படிப் படிவம் நிரப்பினாரோ தெரியவில்லை. பிளீச் குடித்ததாகச் சொன்னவர்களில் 80 முதல் 90 சதவீதம் பேர் இப்படிப்பட்டவர்கள். அவர்களையும் கவனக்குறைவாகத் தட்டியவர்களையும் விலக்கிய பிறகு, யாரும் குடித்ததற்கு ஆதாரமே மிஞ்சவில்லை.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2022இல் வேறு விதமாகச் சோதித்தது. விரும்பியவர்கள் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும் இணையச் சர்வே ஒன்றில், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை ஓட்ட உரிமம் இருக்கிறதா என்று கேட்டது. முப்பது வயதுக்குட்பட்டவர்களில் 12 சதவீதம் பேர் இருக்கிறது என்றார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அங்கே கரண்டியை விட்டு எடுப்பவர் நாம். இங்கே சோறு தானாகக் கரண்டிக்குள் வந்து குதிக்கிறது. குதித்த பருக்கையை வைத்துப் பானையைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

இதற்காகப் படிவம் நிரப்புபவர்களைத் திட்டுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சர்வே நிரப்புவது போன்ற சில்லறை வேலைகளை இணையத்தில் காசுக்குச் செய்யும் தளம், அமேசானின் மெக்கானிக்கல் டர்க். அதில் வேலை செய்தவர்களின் வருமானத்தை 2018இல் கணக்கிட்டபோது, வருமான வரிசையில் நடுவில் நிற்கும் தொழிலாளிக்கு மணிக்குச் சுமார் 2 டாலர்தான் கிடைத்தது. அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலியோ 7.25 டாலர். நம் ஊர் மாணவருக்கு அதுவும் கிடையாது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய புண்ணியம் மட்டும்தான். காசும் கொடுக்காமல், கேள்வியையும் 62 ஆக்கிவிட்டு, கவனமாகப் படித்தாயா என்று பொறி வைப்பது என்ன நியாயம்?

அந்தப் பொறியும் இனி எத்தனை நாளைக்கோ. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் ஷான் வெஸ்ட்வுட் 2025இல் ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலைச் சர்வேக்களுக்குப் பதில் சொல்லவைத்தார். கவனத்தைச் சோதிக்கும் கேள்விகளில் 99.8 சதவீதத்தில் அது தேறிவிட்டது. என் மருமகன் முதல் பொறியிலேயே விழுந்திருப்பான்.

என்னிடம் வருகிற மாணவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். கேள்விகளைப் பாதியாகக் குறைக்க முடியுமா? எந்தப் பதில்களை நீக்குவது என்று தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்தாயா? எத்தனை பேரை நீக்கினாய் என்பதை ஆய்வேட்டில் சொல்வாயா? மூன்றாவதைக் கேட்டதும் முகம் வாடிவிடும். வழிகாட்டி 500 பதில் கேட்டிருப்பார். நீக்கினால் 380தான் தேறும். எண்ணிக்கை மீது நம் ஆய்வுலகத்துக்கு இருக்கிற மோகம் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அன்று திண்ணையில் அவன் கைப்பேசியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நினைவில் இருந்த ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்டேன். "இரவில் தூக்கம் வருவதில்லையா?"

"அதெல்லாம் வரும் மாமா" என்றான். டம்ளரைக் கீழே வைத்தேன். சற்று நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "தேர்வு நேரத்தில் வராது. இல்லை... இப்போது இரண்டு மாதமாகவே வருவதில்லை. அம்மாவிடம் சொல்லாதீர்கள்."

அப்படியானால் அந்த முதல் 5 உண்மைதான். அவனுடைய வரிசை என் எக்செல் தாளுக்கு வந்திருந்தால், படிக்காமல் நிரப்பியவன் என்று முழுவதையும் நீக்கியிருப்பேன்.